பாசி உருண்டை எழும்பும் நாள்

திரையை விலக்கினால் எழும்பும், விலக்காவிட்டால் கிடக்கும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். இரண்டு வருஷத்தில் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லையா, நான்தான் எடுத்துக்கொள்ளவில்லையா?

குல்சும் கண்ணாடித் தொட்டியின் முன்னால் மண்டியிட்டு, நீருக்கடியில் கிடந்த பாசி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் ஒரு சிவப்பு இறால் ஏறி நின்று முன்கால்களால் எதையோ கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன.

அவளுக்குப் பின்னால், கூடத்தில், மாமனார் அப்துல் நாசர் தன் மனைவி ஜெய்த்தூனிடம் பேசிக்கொண்டிருந்தார். மகள் அஃப்ஷானைப் பெண் கேட்டு ஜெயங்கொண்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார்கள். பையன் ஹஸ்ஸானுக்குக் குவைத்தில் வேலை. லீவு முடிய இருபது நாள்தான் இருக்கிறது, அதற்குள் நிக்காஹ் முடிந்துவிட வேண்டும் என்கிறார்கள். அஃப்ஷான் பெரம்பலூரில் தாவரவியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. பரீட்சை என்ன ஆகும் என்று மாமனார் கேட்டதற்கு, கல்யாணத்துக்கு அப்புறம் அது எதுக்குங்க என்று அவர்கள் சிரித்தார்களாம்.

"மூணு நாளா நல்ல வழி காட்டச் சொல்லி இஸ்திகாரா தொழுவுறேன். ஒண்ணும் தெளிவா தெரியல" என்றார் அப்துல் நாசர். பிறகு, "பாப்போம். ஞாயித்துக்கிழம காலையில பாத்துக்குவோம்" என்றார்.

எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நாற்காலி தரையில் உராய்ந்த சத்தத்திலிருந்து அவர் தொட்டியின் பக்கம் திரும்பிவிட்டார் என்பது குல்சுமுக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் அவருடைய பார்வை படுவது போலிருந்தது. அது தன்னைத் தாண்டி உருண்டையின் மேல் போய் நிற்கிறது என்பதும் தெரிந்தது.

அந்த உருண்டை அவள் கணவன் அப்துல் சலாம் கொண்டுவந்தது. ஷார்ஜாவில் வண்ணமீன் கடையில் அவனுக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, எல்லாரும் சென்ட் பாட்டிலும் போர்வையும் கொண்டுவர, அவன் காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் இருபது இறால்களும், டிபன் பாக்ஸுக்குள் ஈரத்துணியில் சுற்றி எலுமிச்சம்பழ அளவில் பச்சையாக ஒரு பாசி உருண்டையும் கொண்டுவந்தான். "மாப்ள சம்பாத்தியத்துல பாசி வாங்கியாந்திருக்காரு, நம்ம வெள்ளாத்துல கெடக்காத பாசியா" என்று தெருவே சிரித்தது. அவன் சட்டை செய்யவில்லை. திருச்சிக்குப் போய்த் தொட்டி வாங்கிவந்து கூடத்து ஜன்னலோரம் மேசை போட்டு வைத்தான். ஷார்ஜாவுக்குத் திரும்பும் முன் குல்சுமுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது, டிரம்மில் இரண்டு நாள் வைத்து ஊற்ற வேண்டும். செம்புக் குடம் தண்ணீரில் படவே கூடாது, இறால் செத்துப்போகும். உருண்டையைப் பத்து நாளைக்கு ஒரு தடவை எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்து, பக்கம் மாற்றிப் போட வேண்டும். முக்கியமாக, கிழக்கு வெயில் நேராகப் படக்கூடாது. அதற்காகவே ஜன்னலுக்குக் கனமான நீலத்திரை ஒன்று தைத்து மாட்டினாள்.

அந்தத் திரையைத் துவைத்துப் போட்ட ஒரு நாள்தான் எல்லாம் தொடங்கியது. வெயில் ஒரு மணி நேரம் தொட்டிக்குள் விழுந்தது. உருண்டையின் மேலெல்லாம் கடுகு கடுகாகக் குமிழ்கள் முளைத்தன. நான்கு மாதம் அசையாமல் கிடந்தது மெதுவாகத் தூக்கிக்கொண்டு வந்து நீர்மட்டத்தில் மிதந்தது. அதே நேரத்தில் போன் அடித்தது. சலாமுக்குக் கான்ட்ராக்ட் நீட்டித்துவிட்டார்கள். "உருண்ட எழும்புச்சு, போன் வந்துச்சு" என்றாள் மாமியார். விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த மாதம் திரை சரியாக மூடாமல் விட்ட ஒரு காலையில் அது மறுபடி எழும்பியது. அன்றைக்கு விருத்தாசலம் பக்கம் சிக்கிக்கிடந்த மாமனாரின் முந்திரி லோடு வந்துசேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்துல் நாசர் அதை நம்புவதாக ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. ஐந்து வேளை தொழுகிறவர், அப்படிப்பட்ட பேச்சையே கண்டிப்பவர். ஆனால் முந்திரி வாங்க ஜெயங்கொண்டம் புறப்படும்போது தொட்டியைப் பார்க்காமல் செருப்பு மாட்டியதில்லை.

குல்சும் போனில் சலாமிடம் கேட்டபோது அவன் சிரித்தான். வெயில் பட்டால் அது மூச்சு விடும், அந்தக் காற்று பாசிக்குள் மாட்டிக்கொண்டு தூக்கும், வேறொன்றும் இல்லை என்றான். வீட்டில் சொல்லிவிடு என்றான். சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு வந்த ஐந்து வருஷத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு போதுமா என்றுகூட மாமியார்தான் முடிவு செய்வாள். இப்போது, "உருண்டை எப்படி இருக்கு குல்சும்?" என்று மாமனாரே கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டு தடவை அவளே திரையை விலக்கியிருக்கிறாள். முதல் தடவை, தா.பழூரில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போகலாமா என்று கேட்டு நான்கு நாளாக மாமனார் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் உருண்டை எழும்பியது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே போய்ட்டு வா என்றார். இரண்டாம் தடவைக்கு ஆபரேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா பத்து நாள் அம்மா வீட்டில் தூங்கி எழ வேண்டும் போலிருந்தது. அது சித்திரை. வெயில் கொஞ்சம் கூடிப்போய் ஐந்து இறால் செத்தன. உருண்டையில் ஒரு ரூபாய்க் காசளவுக்குப் பழுப்பு விழுந்தது. அந்தப் பழுப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்தும் அது மறையவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மொட்டைமாடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அஃப்ஷான் வந்தாள். கையில் நோட்டு. விரலை ஒரு பக்கத்துக்குள் விட்டு மூடிப் பிடித்திருந்தாள். சேதி கேட்டதிலிருந்து அவள் சாப்பிடும்போதும் அந்த நோட்டைக் கீழே வைக்கவில்லை.

"மச்சி, ஞாயித்துக்கிழமை உருண்டை எழும்பக்கூடாது" என்றாள். அண்ணன் மனைவியை அவள் மச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

குல்சும் கையிலிருந்த லுங்கியை உதறினாள். அது என் கையிலா இருக்கிறது என்று கேட்டாள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"என்கிட்டயுமா மச்சி? வெயில் பட்டா செடி ஆக்சிஜன் விடும்னு பத்தாங்கிளாஸ்லயே எழுதி மார்க் வாங்குனவ நான். இந்த வீட்ல என் கல்யாணத்துக்கு ஜமாத் தலைவரு ஒரு பாசி உருண்டை. காலேஜ்ல சொன்னா சிரிப்பாளுங்க."

அவள் சிரிக்கவில்லை. கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தாவிடம் நீயே சொல்லேன் என்றாள் குல்சும். சொன்னாளாம். பரீட்சை எழுதிவிட்டுப் பார்க்கலாம் என்று சொன்னாளாம். அவர் கேட்டுக்கொண்டதோடு சரி. "முகத்தத் திருப்பிக்கிட்டுத் தொட்டியப் பாக்குறாரு மச்சி. என்னப் பாக்கல."

திரையை மூடி வைத்தால் போதும், ஒருவேளை எழும்பிவிட்டாலும் அவர் பார்ப்பதற்கு முன் காற்றைப் பிழிந்துவிட்டால் போதும் என்று அவள் திட்டமாகச் சொன்னாள். குல்சும் அடுத்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். அஃப்ஷான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இவளுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? நான் அம்மா வீட்டுக்குப் போனபோதும் தெரியுமா? ஈரத்துணியின் குளிர்ச்சி விரல்களில் ஏறியது. திரையை மூடுவது எளிது. தினமும் மூடித்தான் வைக்கிறேன். மூடி வைப்பது நியாயமும்கூட, இறாலுக்கு நல்லது. ஆனால் மூடிவிட்டு, எழும்பவில்லையே மாமா என்று பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த வருஷம் வேறு மாப்பிள்ளை வருவான். அப்போதும் நான் நிற்க வேண்டும். அப்போது எந்தப் பக்கம் இழுப்பேன்? விலக்கு என்றும் மூடு என்றும் யார் யார் என்னிடம் வந்து கேட்பார்கள்?

சனிக்கிழமை அப்துல் நாசர் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். அஃப்ஷான் கல்லூரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். குல்சும் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது கூடம் வெளிச்சமாக இருந்தது.

நீலத்திரையைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது. வெயில் நேராகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. உருண்டை மேலே மிதந்தது. இறால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்ணீர் சுத்தம் செய்யும் குழாயின் மேல் ஏறி நீர்மட்டத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். திரை விழுந்தது.

டிரம்மிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து ஒவ்வொரு டம்ளராக, ஓரமாக, ஊற்றினாள். ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் செத்துப்போகும். ஈரத்துண்டை எடுத்துத் தொட்டியைச் சுற்றினாள். மணலில் இரண்டு இறால்கள் வேகவைத்ததுபோல வெளிறிக் கிடந்தன. முட்டை சுமந்த இறாலை, அந்த முட்டைக்காரியைத் தேடினாள். காணவில்லை. அடுத்த டம்ளர், அதற்கடுத்த டம்ளர். எத்தனை என்று தெரியவில்லை. கடைசியில் குழாய்க்குப் பின்னாலிருந்து அது வெளியே வந்தது. வயிற்றுக்கடியில் கொத்து அப்படியே இருந்தது. கால்களால் அதை விசிறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாத்தேன்" என்றாள் ஜெய்த்தூன், அடுப்படி வாசலில் நின்றபடி. "முக்கா மணி நேரம். நாளைக்கு ஏழு மணிக்கே ஒதுக்கிடு. அஃப்ஷான் அத்தா பள்ளிவாசல்லேந்து வந்து உக்கார்றதுக்குள்ள எழும்பிடணும்."

குல்சும் கையில் டம்ளரோடு நின்றாள். மாமி உங்களுக்கு, என்று தொடங்கினாள்.

"எனக்கு என்ன. முப்பத்திரண்டு வருசம் இந்த வூட்ட கூட்டிப் பெருக்குறேன், எந்த ஜன்னல்ல எப்ப வெயிலு வருதுன்னு தெரியாதா?" அவள் அருகில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மாமனாரின் நாற்காலி. அவள் அதில் உட்கார்ந்து குல்சும் பார்த்ததில்லை. "நீ தா.பழூருக்குப் போறப்ப ரெண்டு தடவ எழும்புச்சே. ஒங்கம்மா ஆபரேசனுக்கு ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. நான் யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்தனா?"

குல்சும் தரையைப் பார்த்தாள். ஈரத்துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் கால்விரலைத் தொட்டது.

மாமியார் கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. நல்ல குடும்பம், பையன் சிகரெட் பிடிக்காதவன், மாமியார்க்காரி வாய் இல்லாதவள், இப்படி ஓர் இடம் மறுபடி வருமா என்றாள். இந்த மனுஷனிடம் தான் சொல்லி எந்தக் காரியமும் நடந்ததில்லை என்றாள். சலாமை மேலே படிக்கவைக்கச் சொன்னாளாம், ஷார்ஜாவுக்கு அனுப்பினார். தன் தங்கையை இங்கே வைத்துக்கொள்ளச் சொன்னாளாம், காது கேட்காததுபோல இருந்துவிட்டார். "இந்த உருண்டை வந்தப்புறந்தான் அவரு எதுக்காச்சும் தலையாட்டுறாரு. நீ உன் காரியத்துக்கு ஒதுக்குன. நான் எம்மவ காரியத்துக்குக் கேக்குறேன்."

பரீட்சைக்கு ஆறு வாரம்தானே மாமி என்று குல்சும் சொன்னது அவளுக்கே கேட்டதோ என்னவோ. ஜெய்த்தூன் எழுந்தாள். சலாம் குல்சுமுக்கு விசா எடுக்க நினைத்திருப்பது தனக்குத் தெரியும் என்றாள். மாமனார் தலையாட்டினால்தான் அது நடக்கும் என்பதையும் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெங்காயம் அரியும் சத்தம் சீராகக் கேட்டது.

குல்சும் செத்த இறால்களைக் கரண்டியால் எடுத்தாள். மிதந்த உருண்டையை எடுத்து, பழைய தொட்டித் தண்ணீர் இருந்த கிண்ணத்துக்குள் அமுக்கினாள். குமிழ்கள் அவள் விரல்களுக்கிடையே கொப்பளித்து வந்தன. பழுப்பு இப்போது இரண்டு காசளவுக்கு விரிந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். மற்ற இடம் வெல்வெட் போலிருக்க அந்த இடம் மட்டும் சொரசொரத்தது.

ஷார்ஜாவில் வீடு எப்படி இருக்கும்? அந்த வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? இந்த நேரத்தில் இதைப் போய் யோசிக்கிறேனே. ஆனால் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். உருண்டையைத் தண்ணீரில் விட்டபோது அது நேராகக் கீழே போய் மணலில் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆறு மணிக்கே தலை வாரிக்கொண்டு கூடத்தில் இருந்தாள். பலகாரத்துக்கு மாவு பிசைந்து வைத்தாயிற்று. ஏழு மணிக்கு மாமியார் அடுப்படியிலிருந்து ஒரு தடவை அவளைப் பார்த்தாள். ஏழேகாலுக்கு இன்னொரு தடவை. குல்சும் புது டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள். அஃப்ஷான் அறைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் வந்தது.

ஏழே முக்காலுக்கு அப்துல் நாசர் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். குல்சும் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் எடுக்கவில்லை. திரையின் ஓரங்களில் வெயில் கோடாக எரிந்தது. தொட்டிக்குள் பச்சையும் சாம்பலுமாக மங்கல் வெளிச்சம். உருண்டை அடியில் கிடந்தது. முட்டைக்காரி அதன் மேல் ஏறிப் பொறுமையாகக் கிள்ளிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். டீயில் ஆடை படிந்தது. அடுப்படியில் வறுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"ஏம்மா குல்சும்."

"சொல்லுங்க மாமா."

"மணி எட்டாவப் போவுது. இன்னும் வெயிலு உள்ள வரலியே."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. உருண்டை எழும்பவில்லையே என்று அவர் சொல்லவில்லை. வெயில் வரவில்லையே என்கிறார். அவள் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று நாள் தூங்காத முகம். அதில் அதிகாரம் எதுவும் இல்லை. யாராவது ஒருவர் இதைத் தன் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடமாட்டார்களா என்று கேட்கிற முகமாக இருந்தது.

"அந்தத் திரையச் செத்த ஒதுக்கி வுடும்மா" என்றார்.

திரை அவர் நாற்காலியிலிருந்து கை எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் கையை நீட்டவில்லை. ஆக இவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இரண்டு வருஷமாக எல்லாரும் இந்த ஒரு துணியை என் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் அதை வாங்கி வைத்துக்கொண்டேன், எனக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

ஜெய்த்தூன் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அறைக்குள் பக்கம் புரட்டும் சத்தமும் நின்றுபோயிருந்தது.

குல்சும் ஜன்னலருகே போனாள். திரையின் விளிம்பு லேசாக விலகியிருந்த இடத்தில் அதை இழுத்து ஆணியில் மாட்டினாள். எரிந்துகொண்டிருந்த கோடு அணைந்தது. திரும்பியபோது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் ஒதுக்க மாட்டேன், மாமா. அஃப்ஷான் உள்ளதான் இருக்கா. அவளக் கேளுங்க."